த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடம்: எல்லாம் செய்தும் பதற்றம் வரவில்லை, எங்கே தப்பு?

முதல்_ரீல்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குறும்படத்தின் தொடக்கக் காட்சியை வெட்டி முடித்துவிட்டேன், 1 நிமிடம் 50 நொடி. முடித்துவிட்டேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்று ஏழு பேருக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து அந்த நினைப்பு போய்விட்டது.

காட்சி இதுதான். இரவு, மேலிருந்து ட்ரோன் ஷாட்டில் ஒரு தனி வீடு. ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறாள். காலுக்கு ஒரு க்ளோசப், சாவிக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. உள்ளே போய் சுவிட்சைத் தட்டுகிறாள், விளக்கு எரியவில்லை. சமையலறைக் கத்தி, ஆடுகிற திரைச்சீலை, சுவரில் நிழல், மறுபடி முகம். கடைசியில் ஹால் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் காட்டும்போது டமார் என்று ஒரு அடி, திரை கறுப்பாகிறது, டைட்டில். முதல் பிரேமிலிருந்தே பின்னணியில் ஒரு உறுமல் ஓடுகிறது, அதற்கு மேல் இதயத்துடிப்பு, அது போகப்போக வேகமாகும். மொத்தம் 47 ஷாட்.

நாற்பதாவது நொடியில் ஒருவர் ஃபோனை எடுத்துவிட்டார். இன்னொருவர் "பேய்ப் படமா?" என்றார். டமார் வந்தபோது எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது உண்மைதான், ஆனால் அடுத்த நொடியே சிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு நண்பர் "மியூசிக் நல்லா இருக்கு" என்று தோளைத் தட்டினார், அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கேமராவில் குறையா, எடிட்டிங்கிலா, சவுண்டிலா? வீடு இன்னும் அரை நாளுக்குக் கிடைக்கும், நாலைந்து ஷாட் புதிதாக எடுக்கலாம், அதற்கு மேல் முடியாது.

கத்தரி

தம்பி, முதலில் ஒரு கணக்கு. 110 நொடிக்கு 47 ஷாட் என்றால் ஷாட்டுக்குச் சராசரி இரண்டே கால் நொடிக்குக் கொஞ்சம் மேல். அந்த எண்ணில் தப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எல்லா ஷாட்டும் கிட்டத்தட்ட அதே நீளம்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, அதுதான் பிரச்சினை. கால் இரண்டு நொடி, சாவி இரண்டு நொடி, கத்தி இரண்டு நொடி. பார்க்கிறவர் பத்தாவது கட்டிலேயே (ஒரு ஷாட் வெட்டி அடுத்ததற்கு மாறுகிற இடம்) உங்கள் தாளத்தைப் பிடித்துவிடுவார், அடுத்த கட் எப்போது வரும் என்று அவர் உடம்புக்கே தெரிந்துவிடும், அப்புறம் அவர் ஏன் பயப்பட வேண்டும்? நாற்பதாவது நொடியில் ஃபோனை எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது, ஏதோ சரியில்லை என்று பார்வையாளருக்கு எந்த நொடியில் தெரிகிறது? உங்கள் வெட்டில் அது முதல் பிரேமிலேயே தெரிந்துவிடுகிறது, உறுமல் சொல்லிவிட்டது. ஆனால் என்ன சரியில்லை என்பது 108ஆவது நொடியில்தான் தெரிகிறது. நடுவில் இருக்கிற ஒன்றே முக்கால் நிமிடம் அவருக்கு வேலையே கொடுக்கவில்லை. பயப்படு, பயப்படு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், எதற்கு என்று சொல்லவில்லை.

ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடியில் குண்டு உதாரணத்தை எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், ஆனாலும் உங்களுக்கு அதுதான் மருந்து. குண்டு திடீரென்று வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி, குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதற்றம். ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் ஷாட்டே ஒருவன் கையில் இருக்கிற டைம் பாமின் க்ளோசப். அதைத் திருகி, ஓடிப்போய், ஒரு காரின் டிக்கியில் வைக்கிறான். அதற்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு கட் கூட இல்லை. கிரேனில் கேமரா மேலே போகிறது, கீழே வருகிறது, கார் கூட்டத்தில் நின்று நின்று போகிறது, பக்கத்திலேயே ஒரு ஜோடி பேசிக்கொண்டே நடக்கிறது. வேறு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் கார் அந்த ஜோடியை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. வெடிச் சத்தம் வந்த பிறகுதான் கட் வருகிறது. முன்னாலேயே வெட்டியிருந்தால் நாம் மூச்சு விட்டிருப்போம்.

ஆகவே என் யோசனை, நாற்காலிக்காரனை முதல் ஷாட்டுக்குக் கொண்டுவாருங்கள். இருட்டு ஹால், அவன் முதுகு, அவ்வளவுதான், முகம் வேண்டாம். வெளியே கேட் திறக்கிற சத்தம், அவன் தலை லேசாகத் திரும்புகிறது. கட். அதற்கப்புறம் அவள் சாவி தேடுவதை ஒன்பது நொடி வெட்டாமல் விடுங்கள். பையில் கையை விட்டுத் துழாவட்டும், கீழே விழட்டும், எடுக்கட்டும். இப்போது அந்த ஒன்பது நொடி உங்களுக்காக வேலை செய்யும். கடைசியில் சுவிட்ச் பக்கம் வரும்போது கட்டைச் சாதாரணமாக வைக்கும் இடத்திலிருந்து 12 பிரேம் தள்ளி வையுங்கள், அரை நொடிதான், ஆனால் கட் வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் பார்க்கிறவர் நாற்காலியில் முன்னால் நகர்வார். இதை நான் பலமுறை பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பூம்_கம்பு

எடிட்டர் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் யாருமே சவுண்டைத் தொடவில்லையே, எப்போதும் போல.

முதலில் அந்த இதயத்துடிப்பை எடுத்துவிடுங்கள். யாருடைய இதயம் அது? அவளுடையதா? அவளுக்குத்தான் இன்னும் ஒன்றும் தெரியாதே, அவள் ஏன் படபடக்க வேண்டும்? நம்முடையது என்றால் அதை எங்களிடமே விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்புறம் உறுமல். தாழ்ந்த அதிர்வெண் ஒலி தியேட்டரில் நெஞ்சில் உட்காரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறும்படத்தை எல்லாரும் ஃபோனில் பார்க்கிறார்கள், அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட எதுவுமே வராது. அதாவது நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து அடுக்கிய பயம் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே சேராது. ஹெட்ஃபோனில் மட்டும் மிக்ஸ் பண்ணிவிட்டு ஃபோனில் ஒருமுறை கூடக் கேட்காமல் வெளியே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நானும் முதல் படத்தில் அதையே செய்தேன் என்பதால் ரொம்பத் திட்டவில்லை.

இன்னொன்று, முதல் பிரேமிலிருந்து ஓடுகிற சத்தம் எதுவும் கொஞ்ச நேரத்தில் காதுக்கு இல்லாமல் போய்விடும். மூளை அதைத் தள்ளி வைத்துவிடும். ஓடிக்கொண்டிருந்த சத்தம் *நிற்கிறபோதுதான்* அது இருந்ததே தெரியும். இதைப் பயன்படுத்துங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்.ஆரை, அதாவது பின்னணி இசையை, மொத்தமாக அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஒரு பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைப் போடுவேன், சாதாரணமான அந்த ம்ம்ம். அவள் கதவைத் திறக்கும்போதே அது மெதுவாகக் கேட்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சுவிட்சைத் தட்டுகிறாள், எரியவில்லை, இரண்டாவது தடவை தட்டுகிறாள், அந்தச் சமயத்தில் பிரிட்ஜ் மோட்டார் தானாக ஒரு குலுக்குக் குலுங்கி நிற்கிறது. இப்போது வீடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது மாதிரி இருக்கும். அதற்குள் ஒரே ஒரு சத்தம் வையுங்கள், நாற்காலியில் ஒருவர் எடையை மாற்றி உட்காரும்போது வருகிற சின்ன மரச் சத்தம், அது போதும்.

(கவனம்: மௌனம் என்றால் ட்ராக்கைப் பூஜ்யத்துக்கு இறக்குவது இல்லை. அப்படிச் செய்தால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். வெற்று அறையின் ஆம்பியன்ஸை, அதாவது அங்கே இயல்பாகவே இருக்கிற மெல்லிய சத்தத்தை, ஒரு நிமிடமாவது பதிவு செய்து அடியில் ஓட விடுங்கள்.)

‘டச் ஆஃப் ஈவில்’ பற்றி அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தத் தொடக்க ஷாட்டின் மேல் ஸ்டூடியோ டைட்டிலை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டுத்தான் வெளியிட்டது. வெல்ஸ் கேட்டது அது இல்லை. தெருவில் ஒவ்வொரு கடையிலிருந்தும் வேறு வேறு பாட்டு, காரின் ரேடியோ, எல்லாம் கலந்து வர வேண்டும் என்று 58 பக்கக் குறிப்பே எழுதிக் கொடுத்தார். 1998இல் எடிட்டர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்து மறுபடி வெட்டியபோதுதான் டைட்டிலும் இசையும் போய்த் தெருச் சத்தம் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இசை இருக்கிற வடிவத்தில் நாம் ஒரு படத்தைப் பார்க்கிறோம். இசை இல்லாததில், குண்டு வைத்த காரின் ரேடியோ நம்மைத் தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது. கார் பிரேமுக்குள் இல்லாதபோதும் அது எங்கே இருக்கிறது என்று காது தேடிக்கொண்டே இருக்கிறது.

கடைசி டமாரையும் தூக்கிவிடுங்கள். தூக்கிவாரிப் போட்டது சரி, ஆனால் திடீரென்று பலூன் உடைந்தாலும் அதேதான் நடக்கும். அதற்குப் பிறகு சிரிப்பு வருவது, ஏமாற்றப்பட்டோம் என்று உடம்புக்குத் தெரிந்ததால்.

ஐம்பது_எம்எம்

நான் எடிட்டரோடு சண்டை போட வந்திருக்கிறேன். நாற்காலிக்காரனை முதலிலேயே காட்டாதீர்கள். காட்டினால் அது ஒரு வகைப் படம், ஒளித்தால் இன்னொரு வகை. ஆனால் *இடத்தைக் காட்டுங்கள்*. இப்போது உங்கள் 47 ஷாட்டில் அந்த ஹால் முழுவதையும் காட்டுகிற ஒரு வைடு ஷாட்டாவது இருக்கிறதா? நீங்கள் சொன்ன பட்டியலில் எல்லாமே க்ளோசப். கத்தி எங்கே இருக்கிறது, திரைச்சீலை எங்கே, நாற்காலி கதவிலிருந்து எத்தனை அடி, எதுவும் தெரியாது. தூரம் தெரியாத இடத்தில் நெருங்குவது என்ற ஒன்றே கிடையாது.

அரை நாளில் எடுக்கக்கூடியதாக ஒன்று சொல்கிறேன். கேமராவை ஹாலின் மூலையில், இடுப்பு உயரத்தில், டிரைபாடில் வையுங்கள். வைடு லென்ஸ். பிரேமின் வலது ஓரத்தில் கதவு, இடது பக்கம் மூன்றில் இரண்டு பங்கு வெறும் இருட்டு. அவள் கதவைத் திறந்ததும் வெளி வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் விழுகிறது, அது நாற்காலிக் கால்களுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிடுகிறது. அவள் வலது ஓரத்திலேயே நின்று ஃபோனைப் பார்க்கட்டும், செருப்பைக் கழற்றட்டும். கேமரா அவளைப் பின்தொடரவே கூடாது. பார்க்கிறவரின் கண் தானாக அந்த இருட்டுப் பக்கம் போகும், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று துழாவும். ஆள் நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருக்கட்டும், கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு தோள்பட்டை தெரிகிற அளவுக்கு. பாதிப் பேர் பார்ப்பார்கள், பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள். பார்த்தவர் பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவார். அங்கே உங்களுக்குப் பின்னணி இசையே தேவையில்லை.

அப்புறம் க்ளோசப்புக்குப் போனால் நீளமான லென்ஸ் போடுங்கள், 85 எம்எம் அல்லது அதற்கு மேல். அவள் முகம் மட்டும் ஃபோகஸில் இருக்க, பின்னால் எல்லாம் கலங்கிப் போகும். வைடு ஷாட்டில் அவள் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கலங்கல்தான் பயம், ஏனென்றால் இப்போது அதை எங்களால் பார்க்க முடியவில்லை. இரண்டு ஷாட்டின் வரிசையை மாற்றிப் போட்டால் ஒன்றுமே நடக்காது.

ட்ராலி இருந்தால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மெதுவாக என்றால், தள்ளுகிறவருக்கே சலித்துப்போகிற மெதுவாக. முப்பது நொடியில் ஒன்றரை அடி. கேமரா நகர்வது கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஷாட்டின் ஆரம்பத்தையும் முடிவையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரிய வேண்டும்.

கையில் பிடித்து எடுத்தால் பதற்றம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேமரா ஆடினால் அங்கே யாரோ நின்று பார்க்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும். நிஜமாகவே யாரோ பார்க்கிறார்கள் என்றால் சரி. ‘ஹாலோவீன்’ (1978) தொடக்கம் அப்படித்தான், நாலு நிமிடம் போல ஒருவனின் கண்ணாகவே கேமரா போகிறது, வீட்டைச் சுற்றி வந்து, கத்தியை எடுத்து, மாடி ஏறி, முகமூடியைப் போட்டு. வெட்டே இல்லாதது மாதிரி தெரியும், கட்டை மறைத்திருக்கிறார்கள். அத்தனையும் பார்த்த பிறகு கேமரா வெளியே வந்து அவன் முகத்தைக் காட்டுகிறது, ஆறு வயதுப் பையன். கேமரா ஆடியதற்கு அங்கே ஒரு சொந்தக்காரன் இருந்தான். உங்கள் படத்தில் அந்த ட்ரோன் ஷாட் யாருடைய கண்? பருந்துடையதா?

கத்தரி

பருந்து 😄

சரி, ஒளித்து வைப்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஐம்பது சார், நீங்கள் சொல்கிற தோள்பட்டை ஃபோன் திரையில் தெரியாது, சுருக்கும்போது அந்த இருட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். பெரிய திரைக்கு என்றால் உங்கள் வழி, ஃபோனுக்கு என்றால் என் வழி. அல்லது நாற்காலியை இருட்டில் விடாமல் ஜன்னலுக்கு முன்னால் நகர்த்தி, நிழலுருவமாக்கிவிடுங்கள். அப்போது அது ஆளா, நாற்காலியில் போட்ட துணியா என்கிற சந்தேகமும் கிடைக்கும்.

மூன்றாம்_வரிசை

நான் படம் எடுக்கிறவன் இல்லை, பார்க்கிறவன். எல்லாரும் லென்ஸ், கட், ஹெர்ட்ஸ் என்று பேசுகிறீர்கள், அந்தப் பெண் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே. அவள் வீடா அது? களைத்துப்போய் வருகிறாளா, ஏதாவது எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வந்தாளா? அவளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். வாசலில் டாக்சி காத்திருக்கிறது, சார்ஜரை மறந்துவிட்டாள், ஓடிப்போய் எடுக்க வேண்டும். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடிக்கட்டும். அவள் சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும் என்று நானும் சேர்ந்து அவசரப்படுவேன். இப்போது அவள் ஒரு பொம்மை மாதிரி நடந்து போகிறாள், போனால் போகிறாள் என்று இருக்கிறது.

மௌனத்தைப் பற்றிச் சவுண்டு நண்பர் சொன்னதும் ஜெர்மன் படம் ஒன்று, இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) ஞாபகம் வந்தது. அது அவருடைய முதல் பேசும் படம், ஆனால் மிரட்டுகிற இடத்தில் ஒரு குரலைத் தவிரச் சத்தமே இல்லை. பள்ளியிலிருந்து வர வேண்டிய மகளுக்காக அம்மா காத்திருக்கிறாள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்கு மேல் வருவது காலியான மாடிப்படி, துணி காய்கிற பரண், சாப்பாட்டு மேஜையில் தொடாத தட்டு. அப்புறம் புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது, கம்பியில் ஒரு பலூன் சிக்கி ஆடுகிறது. கொலையைக் காட்டவே இல்லை. பார்த்து வருஷக்கணக்காகிறது, அந்தத் தட்டு இன்னும் மறக்கவில்லை.

நம் பக்கத்திலும் 1954இலேயே ‘அந்த நாள்’ வந்துவிட்டது. பாட்டே இல்லாத படம், நாயகன் சுடப்பட்டு விழுவதில்தான் கதையே ஆரம்பம். எடுத்தவர் வீணை எஸ். பாலசந்தர், அதாவது ஒரு சங்கீத வித்வான்தான் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார்.

பூம்_கம்பு

மூன்றாம் வரிசை சார், டாக்சி ஹாரன் அருமை. அதை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிறேன். முதல் ஹாரன் வெளியே கேட்கும்போது சாதாரணச் சத்தம். இரண்டாவது ஹாரன் வீட்டுக்குள்ளிருந்து கேட்க வேண்டும், சுவர் மூடியதால் மந்தமாக. அப்போதுதான் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லாமல் தெரியும். அந்த இரண்டாவது ஹாரன் படத்துக்கு அரை நொடி முன்னாலேயே வந்துவிடட்டும், அதாவது வெளியே டாக்சியைக் காட்டும் முன்பே, அவள் முகத்தின் மேல். எடிட்டர்கள் ஜே கட் என்பார்கள்.

இசை வேண்டும் என்றால் ஒரே விதி, அது பொய் சொல்லக் கூடாது. ‘ஜாஸ்’ (1975) படத்தில் அந்த இரண்டு ஸ்வரம் வந்தால் சுறா வருகிறது என்று அர்த்தம். சிறுவர்கள் அட்டைத் துடுப்பை மாட்டிக்கொண்டு எல்லாரையும் ஏமாற்றும் காட்சியில் அந்த இசை வராது. நீங்கள் ஆடுகிற திரைச்சீலைக்கும் ஆளுக்கும் ஒரே உறுமலைப் போட்டிருக்கிறீர்கள்.

முதல்_ரீல்

பருந்து உட்பட எல்லாவற்றுக்கும் நன்றி. நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அரை நாள் படப்பிடிப்பு முடிந்தது. மூலையிலிருந்து அந்த வைடு ஷாட்டை எடுத்தேன், நாற்காலியை ஜன்னல் முன்னால் நகர்த்தினேன், தலையைக் குனிந்து உட்காரச் சொன்னேன். டாக்சி கிடைக்கவில்லை, நண்பனின் கார், ஹெட்லைட் வெளிச்சம் மட்டும் சுவரில். இப்போது 110 நொடி 125 ஆகிவிட்டது, ஷாட் 47லிருந்து 16. ட்ரோன், கத்தி, திரைச்சீலை மூன்றும் போயின. கத்தியை வெட்டும்போது கொஞ்சம் வலித்தது, அந்த வெளிச்சத்துக்கு ஒரு மணி நேரம் செலவழித்திருந்தேன்.

நேற்று முன்பு பார்க்காத ஐந்து பேரிடம் காட்டினேன், மூன்று பேர் ஃபோனில், இரண்டு பேர் டிவியில். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் சாவி விழுந்த இடத்தில் "அய்யோ எடு" என்று சத்தமாகவே சொன்னார், எனக்கு அதுவே போதும். இரண்டு பேர் ஆளை வைடு ஷாட்டிலேயே பார்த்துவிட்டார்கள், மூன்று பேர் கடைசியில்தான். ஒருவர் மட்டும் ஆரம்பம் மெதுவாக இருக்கிறது என்றார், அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், கேட்டிலிருந்து கதவு வரை நடப்பதை இன்னும் மூன்று நொடி குறைத்துப் பார்க்கப் போகிறேன்.

டமாரை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை. இப்போது அவள் திரும்பிப் பார்க்கிறாள், கறுப்புத் திரை, அவ்வளவுதான். ஏதோ முடியாத மாதிரி இருக்கிறது.

பூம்_கம்பு

நின்றுபோன பிரிட்ஜைக் கறுப்புத் திரைக்கு மேல் மறுபடி ஓட விடுங்கள். டைட்டில் வரும் வரை அது மட்டும்.

முதல்_ரீல்

முயற்சி செய்கிறேன். ஒரே சிக்கல், நான் வைத்திருக்கிற பதிவில் பிரிட்ஜ் நிற்கிற சத்தம் மட்டும்தான் இருக்கிறது, கிளம்புகிற சத்தம் இல்லை. ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சமையலறையில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன், அது பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்குகிறது.